கவிதையை யார் வாசிப்பது: எழுதியவரா, நடிகரா?

கேள்வி இதுதான். பெங்களூரில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு தமிழ் வாசகர் வட்டம், அடுத்த கூட்டத்தை முழுக்கக் கவிதை வாசிப்புக்கென்று வைத்திருக்கிறது. எழுதிய கவிஞர்களையே வாசிக்கச் சொல்வதா, இல்லை நாடக நடிகர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர்கள் கையில் கொடுப்பதா என்று உங்களுக்குள்ளேயே சண்டை. "கவிஞர்கள் பேப்பருக்குள் முனகுகிறார்கள், நடிகர்கள் ஓவராகப் பண்ணுகிறார்கள், எது தேவலை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பக்கமும் அடிபட்டவன் நான். கொஞ்சம் கவிதை எழுதியிருக்கிறேன் (அச்சில் வந்தது, யாரும் படிக்கவில்லை, அது வேறு கதை), இந்த ஊரில் ஒரு நாடகக் குழுவுக்குப் பல வருஷம் உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கவிதைக்குள் பேசுகிற ஆள் ஒருவர் இருந்தால் நடிகரிடம் கொடுங்கள். ஆளே இல்லாமல் வரி மட்டும் பேசுகிற கவிதை என்றால் நடிகரிடமிருந்து அதைக் காப்பாற்றுங்கள்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் கிடையாது, நம்மிடம் ரொம்பக் காலமாக இருப்பதுதான். சங்க இலக்கியத்தில் புலவர் வேறு, பாணர், பொருநர், கூத்தர், விறலியர் எல்லாம் வேறு. ஒருவர் பாட்டைக் கட்டுகிறார், இன்னொருவர் அதைச் சபையில் நிகழ்த்துகிறார். பரிபாடலை எடுத்துப் பாருங்கள், பல பாட்டுகளின் அடியில் பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றும் தனித்தனியாக இருக்கும். கண்ணனாகனார், நன்னாகனார் என்று இசை போட்டவர்களின் பெயர்களே மிஞ்சியிருக்கின்றன. இன்றைக்கு சினிமாப் பாட்டுக்குப் போடுகிற டைட்டில் கார்டு மாதிரி.

அகப்பாட்டு இன்னும் ஒரு படி மேலே. அதில் கவிஞர் பேசவே மாட்டார். தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தலைவன், செவிலி, சில சமயம் வழியில் பார்த்தவர்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று கீழே துறைக் குறிப்பு இருக்கும். ஒரு நடிகருக்கு இதைவிட என்ன வேண்டும்? குறுந்தொகை 40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யாயும் ஞாயும் யாராகியரோ என்று தொடங்கி, செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சம் கலந்தன என்று முடிகிற பாட்டு. மேடைகளில் இதை எப்படி வாசிக்கிறார்கள்? ஏதோ காதல் பிரகடனம் போல நெஞ்சை நிமிர்த்தி, கடைசி வரியில் கையை விரித்து. ஆனால் துறைக் குறிப்பு என்ன சொல்கிறது? கூடிய பிறகு, இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அவள் பயப்படுகிறாள், அவள் முகம் மாறியதைப் பார்த்து அவன் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, பயந்துபோன ஒரு பெண்ணிடம் சொல்கிற வார்த்தைகள். உன் அம்மா யாரோ என் அம்மா யாரோ, நீயும் நானும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம் என்று அவன் கேட்பது அவளைச் சமாதானப்படுத்த. மூன்றடி தூரத்துக்குக் கேட்டால் போதும். மூலையில் உட்கார்ந்து கூச்சத்தோடு படிக்கிற கவிஞரைவிட, பயந்தவளைத் தேற்றுகிற குரல் எது என்று தெரிந்த ஒரு நல்ல நடிகர் இதை நூறு மடங்கு நன்றாகச் செய்வார். நான் பார்த்திருக்கிறேன். ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கிற பையன், வாரக் கடைசியில் நாடகம். துறைக் குறிப்பை மட்டும் படித்துக் காட்டி, "எதிரே ஒரு நாற்காலி போட்டுக்கொள், அதில் அவள் இருக்கிறாள்" என்றேன். மைக் இல்லாமல் வாசித்தான். முப்பது பேர் இருந்த அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

அதே பையனிடம் அதே கூட்டத்தில் கம்பனைக் கொடுத்தேன். மொத்தமும் கெட்டது. தப்பு என்னுடையதுதான், சொல்லிக்கொடுக்காமல் கொடுத்துவிட்டேன். சூர்ப்பணகை அழகியாக உருமாறி வருகிற பாட்டு. பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்க என்று மெத்தென்று நடந்து வரும். மயில் என்பார், அன்னம் என்பார், வஞ்சிக்கொடி என்பார், அப்புறம் அதே மூச்சில், அதே ஞ்ச ஓசையிலேயே, நஞ்சமென வஞ்சமகள் வந்தாள். விஷம் என்கிற சொல் பஞ்சு போல உள்ளே நுழைந்துவிடும். ஓசை மாறவே மாறாது, அதுதான் கம்பன் வைத்த பொறி. பையன் என்ன செய்தான் என்றால், முதல் வரியிலேயே சூர்ப்பணகையாகிவிட்டான். கண்ணைச் சுருக்கி, உதட்டோரத்தில் ஒரு வில்லிச் சிரிப்பு. பாட்டு நான்காவது அடியில் சொல்லப்போகிற ரகசியத்தை இவன் முகம் முதல் அடியிலேயே சொல்லிவிட்டது. நடிகர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற கோளாறு இது. முடிவு அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை மறைத்துவைக்க மனசு வராது. சோகக் கவிதை என்றால் தலைப்பிலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, கவிஞர்கள் யோக்கியமா என்றால் அதுவும் கிடையாது. ஆனால் அவர்களுக்கு ஒரு விஷயம் காதில் இருக்கிறது, வரி எங்கே முடிகிறது என்பது. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வட்டத்தில் நடக்கிற சண்டையின் வேரே இங்கேதான் இருக்கிறது.

அல்சூர் ஏரிக்கரையில் நம் வள்ளுவர் சிலை இருக்கிறதே, 1991-ல் திறக்க வேண்டியது, 18 வருஷம் மூடியே கிடந்து 2009-ல் திறந்தார்கள். அதைப் பார்க்கப் போகிற எந்தக் குழந்தையையும் ஒரு குறள் சொல்லச் சொல்லுங்கள், பாதிப் பேர் 'கற்க கசடற'தான் சொல்வார்கள். எப்படிச் சொல்வார்கள்? "கற்க கசடறக் கற்பவை கற்றபின்" என்று நாலு சீரையும் ஒரே இழுப்பாக இழுத்து நிறுத்திவிட்டு, "நிற்க அதற்குத் தக" என்று முடிப்பார்கள். அர்த்தப்படி பார்த்தால் அங்கே நிறுத்தக் கூடாது. கற்பவற்றைக் கசடறக் கற்க, அதோடு ஒரு வாக்கியம் முடிந்துவிட்டது. 'கற்றபின்' அடுத்த வாக்கியத்தின் முதல் சொல், கற்றபின் அதற்குத் தக நிற்க. நடிகரிடம் கொடுத்தால் 'கற்பவை'யில் நிறுத்துவார். கேட்கிறவருக்குப் பொருள் பளிச்சென்று புரியும், ஆனால் வெண்பா காணாமல் போயிருக்கும், உரைநடை ஆகிவிடும். மரபு தெரிந்தவர் 'கற்றபின்'னில் நிறுத்துவார். ஓசை நிற்கும், பொருள் கொஞ்சம் தொங்கும். என்னைக் கேட்டால் அந்தத் தொங்கல்தான் கவிதை. வாக்கியம் ஒரு இடத்தில் முடிகிறது, அடி இன்னொரு இடத்தில் முடிகிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் காதுக்குக் காட்ட வேண்டும். 'கற்பவை'யில் குரலை லேசாக இறக்கி, நிறுத்தாமல் 'கற்றபின்' வரைக்கும் போய், அங்கே மூச்சு எடுக்காமல் அரை நொடி நின்று, உடனே 'நிற்க'. நீங்களே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நிற்க என்கிற சொல் வருவதற்கு முன்னால் நாமே நிற்கிறோம்.

இலக்கணக்காரர்கள் வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என்று ஓசையைத்தான் முதலில் பிரித்தார்கள். அளபெடையும் அப்படித்தான், குரலுக்காக எழுதிவைத்த குறிப்பு. புறநானூறு 192-ல் ஆற்றோடு போகிற தெப்பத்தைச் சொல்லும் இடத்தில் 'நீர்வழிப் படூஉம்' என்று ஒரு உகரம் கூடுதலாக நிற்கும். அந்த ஒரு எழுத்தில்தான் தெப்பம் மிதக்கிறது. அச்சில் பிழை என்று நினைத்தோ என்னவோ, 'படும்' என்று வெட்டி வாசித்த ஒரு பிரபலக் குரலை நான் மேடையில் கேட்டிருக்கிறேன். தெப்பம் முழுகியது.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னொரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். யாதும் ஊரே என்று எல்லோரும் கத்துகிறார்கள். 13 அடியில் அது முதல் அடி. மிச்சம் பன்னிரண்டும் படிப்படியாகத் தணிந்துகொண்டே போகிற பாட்டு. சாவு புதிதில்லை, வாழ்வு இனிது என்று மகிழவும் இல்லை, பெரியோரை வியக்கவும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதைவிடவும் இல்லை. கடைசி அடி வரும்போது குரல் கிட்டத்தட்டப் பேச்சாகியிருக்க வேண்டும். மைக்கைப் பிடித்தவர் முதல் அடியில் போட்ட சத்தத்தில் இருந்து இறங்க வழி தெரியாமல் கடைசி அடியில் இன்னும் கத்துவார். கைதட்டல் வரும். அதுதான் பிரச்சினை.

கைதட்டல் என்று சொன்னதும் கவியரங்கம் ஞாபகம் வருகிறது. வரியை ஒருமுறை சொல்லி, சபையைப் பார்த்து, திரும்ப ஒருமுறை சொல்லி, கடைசிச் சொல்லை மட்டும் பலூன் உடைப்பது போல வெடிக்கிற அந்தக் குரல். அது கவிஞர்களின் குரலா? எனக்கு அதில் நடிகர்களின் குரல்தான் கேட்கிறது. சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் வளர்ந்த நடிகர்களுக்குச் செய்யுள் வாயில் ஊறியிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகமே பாட்டும் செய்யுளும்தான். அந்தப் பயிற்சியோடு சிவாஜி 1952-ல் பராசக்தி வசனத்தைப் பேசினார், அடுக்குமொழியும் எதுகை மோனையும் சினிமாக் கொட்டகையில் இருந்து மேடைக்கு ஓடி வந்தன. அப்புறம் நம் கவிஞர்களில் பாதிப் பேர் நீதிமன்றக் காட்சி மாதிரிதான் வாசித்தார்கள். எழுதியவரே வாசித்தால் உண்மையாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம், அவரோ நடிகரைக் காப்பியடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு விலக்கு சொல்கிறேன்: 1969-ல் அண்ணா மறைந்தபோது கருணாநிதி வாசித்த இரங்கற்பா. அதே பாணிதான், அதே அடுக்குதான், ஆனால் அந்தக் கரகரப்புக்குக் காரணம் இருந்தது.

புதுக்கவிதை வந்ததும் நிலைமை தலைகீழ். 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தார், கவிதை மேடையை விட்டு இறங்கிப் பத்திரிகைப் பக்கத்துக்குள் போய் உட்கார்ந்தது. அதோடு கவிஞர்களும் சத்தமாக வாசிப்பதையே ஒரு மட்டமான வேலை மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நீங்கள் சொல்கிற முனகல் அங்கே இருந்து வந்ததுதான். இருந்தாலும் ஞானக்கூத்தன் மாதிரி ஒருவரின் கவிதையை நடிகரிடம் கொடுக்க எனக்குத் துணிச்சல் வராது. முகத்தில் ஒன்றுமே காட்டாமல் சொன்னால்தான் அந்தக் கிண்டல் வேலை செய்யும். நடிகர் கண்ணடித்துவிடுவார்.

வெளியூர் உதாரணம் கேட்டால், 1889-ல் இங்கிலாந்துக் கவிஞர் பிரவுனிங்கை எடிசன் கருவி முன்னால் நிறுத்தித் தன் கவிதையைச் சொல்லச் சொன்னார்கள். சில வரி சொன்னார், மறந்துபோனது, மன்னிப்புக் கேட்டார், அதுவும் பதிவில் இருக்கிறது. அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் வானொலியில் வாசித்ததைக் கேட்டால் நம் ஊர் விருத்தம் மாதிரி இழுப்பார், இதை வசனமாக வாசிக்கவே மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. இந்தப் பக்கம் உருதுவில் ராகமாகப் பாடினால் தரன்னும், பாடாமல் சொன்னால் தஹ்துல் லஃப்ஸ் என்று முஷாயராவில், அதாவது அவர்கள் கவியரங்கத்தில், இரண்டு வழியுமே மரியாதையானவை. உருதுக் கவிஞர் ஃபைஸ் தன் கவிதைகளைச் சுரத்தே இல்லாமல் வாசிப்பார் என்பது பிரசித்தம், ஜியா மொஹியுத்தீன் என்கிற நடிகர் அதே கவிதைகளை வாசித்ததைக் கேட்கத்தான் கூட்டம் கூடியது. பாரதிக்கு வருவோம் என்றால், தன் பாட்டை அவரே பாடியதைக் கேட்டவர்கள் எழுதிவைத்ததுதான் நமக்கு மிச்சம், குரல் பதிவே கிடையாது. அக்கினிக் குஞ்சைச் சின்னதாகச் சொல்லி, 'வெந்து தணிந்தது காடு' என்று மூன்றே சொல்லில் ஒரு காட்டை எரித்து முடித்துவிட்டு, அப்புறம் 'தத்தரிகிட' என்று ஜதியில் குதிக்கிறாரே, அந்த ஜதியை எந்தக் குரலில் சொன்னார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். அதை மட்டும் நான் தயங்காமல் நடிகரிடம் கொடுப்பேன், அதுவும் தெருக்கூத்து தெரிந்த நடிகரிடம்.

இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்துவிட்டுக் கமகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கன்னடக்காரர்களுக்குக் குமாரவியாசனின் பாரதத்தை வாசித்துக் காட்டவே தனியாக ஒரு கலை இருக்கிறது. வாசிப்பவருக்குக் கமகி என்று பெயர். ராகம் உண்டு, தாளக் கட்டு கிடையாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பொருள் சொல்லிக்கொண்டே போவார். சங்கீதக் கச்சேரியாகப் போய்விடக் கூடாது, வார்த்தை உடையக் கூடாது, இரண்டையும் கமகி பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிவமொக்கா பக்கம் ஹொசஹள்ளியைச் சேர்ந்த கமகி கேசவமூர்த்திக்கு 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கவிஞராகவோ நடிகராகவோ இல்லை, காவியம் வாசித்ததற்காக. மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் முதல் தடவை கமகம் கேட்டபோது எனக்குக் கன்னடம் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் எந்த இடத்தில் யுத்தம், எந்த இடத்தில் குந்தி அழுகிறாள் என்று புரிந்தது, பொறாமையாகவும் இருந்தது. நம்மிடம் இதற்குச் சமானமாக ஒரு மனிதர் இருந்தார், ரசிகமணி டி.கே.சி. வக்கீலுக்குப் படித்தவர். தன் வீட்டில் நண்பர்கள் கூடுகிற வட்டத்தொட்டியில் கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்வாராம், விளக்கம் குறைவு, சொல்வதுதான் அதிகம். காதுக்குச் சரிப்படாத பாட்டைக் கம்பனுடையதே இல்லை என்று தள்ளிவிடுவார், அதில் பண்டிதர்களுக்கு அவர்மேல் கோபம். தள்ளியது சரியா என்பது வேறு விவகாரம். எத்தனை தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த காது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆகவே உங்கள் கூட்டத்துக்கு: உயிரோடு இருக்கிற கவிஞர் என்றால் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், மோசமாக வாசித்தாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பதே ஒரு செய்தி. பேப்பரை வாய்க்கு முன்னால் பிடிக்காமல் இருக்க ஒரு ஸ்டாண்டு வையுங்கள், பாதி முனகல் அதிலேயே போய்விடும். பழைய பாட்டு, அகப்பாட்டு என்றால் நடிகர், ஆனால் முந்தின நாள் ராத்திரி வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். பத்து நாள் முன்னால், சீர் பிரித்தது ஒரு பிரதி, பொருள் தெரியச் சொல் பிரித்தது ஒரு பிரதி, இரண்டையும் கொடுங்கள். ழ, ள, ற சரியாக வராதவர் எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் வேண்டாம். பின்னணியில் புல்லாங்குழல் போடலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கூடவே கூடாது. ஆளுக்கு மூன்று கவிதைக்கு மேல் போகாதீர்கள், சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் வந்திருப்பார்கள்.

கடைசியாக எங்கள் கூட்டம் ஒன்றில் நடந்தது. கேஜிஎஃபில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர், பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல கவிஞர். 2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, ஷிஃப்ட் சங்கு ஊதாத ஊரில் தன் அம்மா பழக்கதோஷத்தில் அதே நேரத்துக்கு எழுந்து அடுப்புப் பற்றவைத்ததைப் பற்றிய கவிதை. வழக்கம் போலத் தட்டையாக வாசித்துக்கொண்டே வந்தார். 'சங்கு' என்ற சொல்லுக்கு அப்புறம் நிறுத்திவிட்டார். இரண்டு நொடி, மூன்று நொடி. சபை மொத்தமும் அந்த ஊதாத சங்கைக் கேட்டது. அப்புறம் மெதுவாக அடுத்த வரிக்குப் போனார். நம் ஒயிட்ஃபீல்டு பையன் அசந்துபோய், காபி நேரத்தில் அவரிடம் போய், "ஐயா, அந்த இடத்தில் ஏன் நிறுத்தினீங்க? பேப்பரில் அப்படி இல்லையே" என்று கேட்டான். அவர் சங்கடமாகச் சிரித்து, "பல்செட்டு நழுவிடுச்சு தம்பி, நாக்கால தள்ளி உட்கார வச்சேன்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு உடம்பு சரியில்லை, கூட்டத்துக்கு வந்தாலும் வாசிக்க முடியாது என்றார். அந்தக் கவிதையைப் பையன் வாசித்தான். சங்குக்கு அப்புறம் அதே இடத்தில் நிறுத்தினான், அதே மூன்று நொடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். பெரியவர் முதல் வரிசையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் சட்டைப்பையில் இருந்த பேனாவை வாங்கி, மடியில் இருந்த தன் புத்தகத்தைப் பிரித்து, சங்குக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.